பிரெஞ்சுக் கொடி, நாசிக் பழம்

ஐரோப்பாவின் பெயர்பெற்ற ஒயின் திராட்சைகள் கோதாவரிக் கரையில் வேறு குணம் கொள்கின்றன. அதை வளர்த்தெடுத்த விவசாயிகளுக்கு அந்தக் குணம் எப்போதும் சோறு போட்டதில்லை.

அக்டோபர் மாதம். பிரான்ஸின் லுவார் நதிப் பள்ளத்தாக்கில் திராட்சை அறுவடை முடியும் நேரம். இலைகள் பழுத்து உதிர, கொடிகள் குளிர்கால உறக்கத்துக்குத் தயாராகின்றன. அதே அக்டோபரில் நாசிக் மாவட்டத்துத் தோட்டங்களில் நடப்பது நேர் எதிரானது. மழை ஓய்ந்ததும் ஆட்கள் கத்தரியோடு இறங்குகிறார்கள். பச்சைப் பசேலென்று நிற்கும் கொடிகளை இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளுகிறார்கள். மிஞ்சி நிற்கும் குச்சிகளின் மொட்டுகளில், அவை ஒன்றுபோல் விழிக்க வேண்டும் என்பதற்காக ஒரு ரசாயனக் கரைசலைத் தடவுகிறார்கள். சில நாட்களில் தளிர் எட்டிப் பார்க்கிறது. லுவாரில் ஆண்டுக் கணக்கு முடியும் மாதத்தில் நாசிக்கின் கணக்கு தொடங்குகிறது.

இரண்டு இடத்திலும் கொடி ஒன்றுதான். சோவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க் என்று பாட்டிலின் லேபிளில் இருக்கும் பெயரும் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பது ஒன்றல்ல. ரத்தினகிரியின் அல்ஃபோன்ஸோ மரத்திலிருந்து ஒட்டுக் கட்டி வேறு மாவட்டத்தில் நட்டால் காய்ப்பதும் அல்ஃபோன்ஸோதான். ஆனால் மும்பை மார்க்கெட்டில் பழம் வாங்கத் தெரிந்தவர் முகர்ந்து பார்த்தே வித்தியாசம் சொல்லிவிடுவார். மாம்பழத்தில் நமக்குப் பழகிப்போன இந்த விஷயம் திராட்சையில் இன்னும் கூர்மையானது. பழத்தில் மறைந்து கிடக்கும் வித்தியாசத்தை நொதித்தல் வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது.

தூங்காத கொடி

குளிர்நாட்டுத் திராட்சைக்கு ஆண்டுக்கு ஒரு பிறப்பு, ஒரு தூக்கம். வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் காய்த்து, செப்டம்பர் - அக்டோபரில் கனிந்து, பனி தொடங்கியதும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு அடங்கிவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 20 பாகையில் இருக்கும் நாசிக்கில் அப்படி உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர் கிடையாது. கொடியை அதன் போக்கில் விட்டால் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை எல்லா மாதங்களிலும் சந்தைக்கு வர முடிவது இதனால்தான். 14-ஆம் நூற்றாண்டில் வந்த மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதா, நாசிக்கிற்குக் கிழக்கே இருக்கும் தௌலதாபாத்தில் திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இரண்டு முறை காய்ப்பதை அதிசயமாகக் குறித்து வைத்தார்.

நாசிக் விவசாயி அந்த இரண்டாவது காய்ப்பை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் காய் நின்றால் அடிச்சாம்பல் நோய் குலையோடு தின்றுவிடும். ஆகவே இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. அறுவடை முடிந்த கையோடு ஏப்ரலில் முதல் கவாத்து. கொளுத்தும் வெயிலில், சொட்டு நீரில், கொடி புதிய குச்சிகளை விடுகிறது. அடுத்த பருவத்துக் குலைகள் அந்தக் குச்சிகளின் மொட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உருவாவது அப்போதுதான். கோடையில் அணையில் தண்ணீர் இல்லாமல் போனால், அதன் விளைவு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் எண்ணிக்கை குறைந்த குலைகளாக வந்து நிற்கும். அக்டோபரில் இரண்டாவது கவாத்து. அதில் வருவதுதான் அறுவடைக்கான காய். ஐரோப்பாவில் பனி செய்யும் வேலையை இங்கே கத்தரி செய்கிறது.

விஷயம் இத்தோடு நிற்கவில்லை. ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஒயின் பிரதேசங்களில் திராட்சை கோடையின் சூட்டில் பருத்து, இலையுதிர் காலத்தின் குளிர்ச்சியை நோக்கிப் போகப் போகக் கனிகிறது. கனிதல் நிதானமாக நடக்கிறது. சர்க்கரை ஏறும் வேகமும் புளிப்பு இறங்கும் வேகமும் ஏறக்குறையக் கை கோத்துப் போகின்றன. நாசிக்கில் படம் தலைகீழ். நவம்பரில் பூத்து, டிசம்பர் - ஜனவரிக் குளிரில் வளரும் காய், பிப்ரவரியின் ஏறும் வெயிலில் கனிகிறது. பகல் வெப்பம் வாரத்துக்கு வாரம் கூடுகிறது. பழத்திலிருக்கும் மாலிக் அமிலம், அதாவது பச்சை ஆப்பிளில் நாக்கைச் சுண்டும் அந்தப் புளிப்பு, சூட்டில் எரிந்து போகிறது. சர்க்கரையோ தாவி ஏறுகிறது. பறிக்கும் நாளை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஒயினின் முதுகெலும்பே போய்விடும். பல தோட்டங்களில் விடிவதற்கு முன்பே பறித்து முடித்துவிடுகிறார்கள். ஆலைக்கு வந்த சாறில் டார்ட்டாரிக் அமிலம் சேர்ப்பது இங்கே சாதாரண நடைமுறை. வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் இது உண்டு.

சூரியனின் கணக்கும் வேறு. லுவாரில் காய் வளரும் ஜூன், ஜூலையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும். நாசிக்கில் காய் வளரும் டிசம்பரில் பகல் 11 மணி நேரம்தான். ஆனால் அந்த 11 மணி நேரமும் மேகமில்லாத, உக்கிரமான வெளிச்சம். இரவு வந்தால் குளிர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் தக்காணப் பீடபூமி, பகலில் வாங்கிய சூட்டை இரவில் வேகமாக விட்டுவிடுகிறது. திராட்சைக்குப் பெயர் போன நிஃபாட் வட்டாரத்தில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்கிய குளிர்காலங்கள் உண்டு. நாசிக் ஒயினில் ஏதாவது புளிப்பு மிஞ்சியிருக்கிறது என்றால் அது இந்த இரவுகளின் தயவு.

இப்போது கோப்பைக்கு வரலாம்.

சோவின்யோன் பிளாங்க் ரகத்துக்குப் பிறவியிலேயே ஒரு பச்சை வாசனை உண்டு. அறுத்த புல், நறுக்கிய குடைமிளகாய் என்று வர்ணிப்பார்கள். வர்ணனை மிகையல்ல, குடைமிளகாய்க்கு வாசனை தரும் அதே குடும்பத்து வேதிப்பொருள்தான் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பழம் கனியக் கனிய அது குறையும். லுவாரின் சான்செர் கிராமத்தில் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் விளையும் சோவின்யோனில் இந்தப் பச்சை அடங்கி, மெல்லிய, கல் போன்ற ஒரு சுத்தம் வரும். நியூஸிலாந்தின் மார்ல்பரோவில் அதுவே பாஷன் பழ வாசனையோடு கத்தும். நாசிக்கில் புளிப்பைக் காப்பாற்றச் சீக்கிரம் பறிக்க வேண்டியிருப்பதால் குடைமிளகாய் அப்படியே நிற்கிறது. அதன் பின்னால் வெயில் தந்த கொய்யாவும், லேசான காரமும். ஐரோப்பிய அளவுகோல் வைத்திருப்பவருக்கு இது குறை. மசாலா போட்டு வறுத்த மீனோடு குடித்துப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

செனின் பிளாங்க் வேறு கதை. லுவாரின் வூவ்ரே வட்டாரத்தில் இதன் புளிப்பு பல்லைக் கூசச் செய்யும். அந்தப் புளிப்பின் பலத்தில் ஒயின் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அந்நாட்டிலேயே அதிகம் நடப்பட்ட திராட்சையாகி, ஸ்டீன் என்று உள்ளூர்ப் பெயரும் வாங்கிக்கொண்டது. நாசிக்கில் அது மண்ணோடு ஒட்டிக்கொண்டதைப் போல வேறு எந்த ரகமும் ஒட்டவில்லை என்றே சொல்லலாம். அள்ளி அள்ளிக் காய்க்கும். வெயிலிலும் ஓரளவு புளிப்பைக் கைவிடாது. குலை மிக நெருக்கமாக இருப்பதால் அழுகல் நோய்க்கு இடம் கொடுப்பது ஒன்றுதான் தலைவலி. ஆலைகள் இதில் கொஞ்சம் இனிப்பை மிச்சம் வைத்து விற்கின்றன. அன்னாசி, முலாம்பழம், கொஞ்சம் தேன். முதன்முதலாக ஒயினைத் தொடும் இந்தியர் முகம் சுளிக்காமல் குடித்த வெள்ளை ஒயின் இதுதான். பிரான்ஸின் மொவே ஹென்னெஸி நிறுவனம் 2013-இல் திண்டோரி வட்டாரத்திலிருந்து ஷாந்தோன் என்ற நுரைக்கும் ஒயினை வெளியிட்டபோது, ஷாம்பேனில் வழக்கமான ஷார்தொனே, பினோ நுவார் ஆகியவற்றோடு செனின் பிளாங்க்கையும் கலந்தது. ஷாம்பேன்காரர்களே நாசிக்கின் பேச்சைக் கேட்டார்கள் என்று இதற்குப் பொருள்.

சிவப்பில் ஷிராஸ். ஈரானிய நகரத்தின் பெயரைச் சுமந்தாலும் இந்தத் திராட்சைக்கும் ஈரானுக்கும் சம்பந்தமில்லை. தென்கிழக்கு பிரான்ஸின் இரண்டு உள்ளூர் ரகங்களுக்குப் பிறந்தது இது என்று 1990-களின் இறுதியில் மரபணு ஆய்வு நிரூபித்துவிட்டது. ரோன் நதிக்கரையில் மிளகும் புகையும் மணக்க இறுக்கமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஜாம் போலக் கொழுத்து நிற்கும். நாசிக் ஷிராஸ் இரண்டுக்கும் நடுவே: மிளகு இருக்கும், பழம் கனிந்திருக்கும், துவர்ப்பு மென்மையாக இருக்கும், வெயிலில் காய்ந்த மண்ணின் வாடை ஒன்று அடியில் ஓடும். இங்குள்ள நல்ல சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை இந்த ரகத்தைச் சார்ந்திருப்பது தற்செயல் அல்ல.

எல்லா ரகமும் இப்படி இணங்கி வருவதில்லை. போர்டோவின் ராஜாவான கேபர்னே சோவின்யோன் கனிய நெடுநாள் எடுத்துக்கொள்ளும். நாசிக்கில் சர்க்கரை ஏறி முடிந்த பிறகும் அதன் தோலும் விதையும் முற்றாமல் இருக்கின்றன. காத்திருந்தால் சாராயச் சத்து எகிறிவிடும். காத்திராமல் பறித்தால் பச்சைத் துவர்ப்பு. பர்கண்டியின் பினோ நுவார், குளிர் இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரகம். நுரைக்கும் ஒயினுக்காகக் காயாகப் பறித்தால் உதவும், அவ்வளவுதான். பெயருக்காக இவற்றை நட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

மறக்க வேண்டிய பாடம்

1980-களில் சியாம்ராவ் சௌகுலே புனே மாவட்டம் நாராயண்காவில் ஷாம்பேன் முறையில் ஓமர் கய்யாம் என்ற நுரைக்கும் ஒயினைத் தயாரித்து ஐரோப்பாவுக்கே அனுப்பினார். பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் பிரெஞ்சு ரகங்களை நட்டு 1992-இல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாசிக் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் படித்து, வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், கங்காப்பூர் அணைக்கருகே இருந்த குடும்ப நிலத்தில் 1990-களின் பிற்பகுதியில் சோவின்யோன் பிளாங்க்கையும் செனின் பிளாங்க்கையும் நட்டார். கலிஃபோர்னியாவின் ஒயின் நிபுணர் கெர்ரி டாம்ஸ்கி துணை நின்றார். சூலா என்ற பெயரில் 2000-இல் முதல் ஒயின் வந்தது.

2001-இல் மஹாராஷ்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. மாநிலத்தில் தயாராகும் ஒயினுக்கு எக்சைஸ் வரிச் சலுகை. நாசிக் மாவட்டத்தின் விஞ்சூரிலும் சாங்லி மாவட்டத்தின் பளூஸிலும் ஒயின் பூங்காக்கள். சில ஆண்டுகளில் திண்டோரி முதல் இகத்புரி வரை ஆலைகள் முளைத்தன. ஆலைக்குப் பழம் வேண்டும். பழத்துக்கு விவசாயி வேண்டும்.

விவசாயி ஏற்கெனவே இருந்தார். நாசிக் நாட்டின் முன்னணித் திராட்சை மாவட்டம். ஆனால் அங்கே விளைந்தது சாப்பிடும் திராட்சை. தாம்ஸன் சீட்லெஸ் போன்ற விதையில்லாப் பழத்தைப் பெரிதாக்குவதே அந்த விவசாயியின் கலை. ஜிப்ரெலிக் அமிலத்தில் குலைகளை முக்கி எடுப்பார். காய்களைக் கலைத்துவிட்டு மிச்சமிருப்பவற்றை உருண்டு திரள வைப்பார். தோல் மெல்லியதாக, சதை மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் பெட்டியில் ஒரு பழம் சிறுத்திருந்தாலும் அவருக்கு அவமானம்.

ஒயின் கம்பெனி வந்து கேட்டது இதற்கெல்லாம் எதிரானதை. பழம் சிறியதாக இருக்கட்டும். தோல் தடித்திருக்கட்டும்; நிறமும் துவர்ப்பும் மணமும் தோலில்தான். விதை இருந்தால் இருக்கட்டும். தண்ணீரைக் குறையுங்கள். காயைக் கிள்ளி எறிந்து ஏக்கருக்கு விளைச்சலைப் பாதியாக்குங்கள். எடை போட்டுக் காசு வாங்கிப் பழகியவரிடம் எடையைக் குறைக்கச் சொன்னால் என்ன ஆகும்? முதல் ஆண்டுகளின் நாசிக் ஒயின்களில் பல தண்ணீராக இருந்ததற்கு ஒரு காரணம் இந்தப் பழக்க தோஷம்தான். நிலத்தின் குணம் ஒயினில் தெரிய வேண்டுமானால் கொடி கொஞ்சம் வாட வேண்டும். நல்ல விவசாயிக்குக் கொடியை வாட விட மனம் வராது. மெல்ல மெல்ல, சர்க்கரை அளவுக்கும் தரத்துக்கும் ஏற்ப விலை என்று ஒப்பந்தங்கள் மாறிய பிறகே தோட்டங்கள் மாறின.

அந்த ஒப்பந்தமே பிறகு கழுத்தைப் பிடித்தது. சாப்பிடும் திராட்சைக்கு ஓர் ஊர் வியாபாரி இல்லாவிட்டால் இன்னோர் ஊர் வியாபாரி உண்டு; அதுவும் இல்லாவிட்டால் உலர்த்தித் திராட்சை வற்றலாக்கலாம். சின்னஞ்சிறிய, விதையுள்ள, தோல் தடித்த ஷிராஸை ஆலையைத் தவிர வேறு யாரும் வாங்கமாட்டார்கள். 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அதே நவம்பரில் மும்பை ஓட்டல்கள் மீது பயங்கரவாதத் தாக்குதல். ஒயின் விற்பனைக்கு உயிர்நாடியே நட்சத்திர ஓட்டல்களும் வெளிநாட்டுப் பயணிகளும். 2009-இன் அறுவடை தோட்டத்தில் கனிந்து நின்றபோது, ஆலைகளின் தொட்டிகளில் முந்தைய ஆண்டின் ஒயின் விற்காமல் நிறைந்து கிடந்தது. சொன்ன விலைக்கு வாங்க ஆளில்லை. பல ஆலைகள் மூடின. நாராயண்காவின் முன்னோடி நிறுவனமே கடனில் மூழ்கிப்போனது. நான்கைந்து ஆண்டுகள் குழந்தையைப் போல் வளர்த்த ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, அல்லது அதே வேர்ச்செடியில் சாப்பிடும் ரகத்தை ஒட்டுக் கட்டிக்கொண்டு, விவசாயிகள் பழைய பயிருக்குத் திரும்பினார்கள்.

இதில் பணத்தோடு இன்னொன்றும் போயிற்று. ஒயின் கொடிக்கு வயது ஒரு தகுதி. வேர் ஆழமாக இறங்கிய, காய்ப்பு தானாகவே மட்டுப்பட்ட பழைய கொடிகளின் பழத்தில்தான் அந்த இடத்தின் குணம் தெளிவாகத் தெரியும் என்பது ஒயின் உலகத்தின் அனுபவம். பிரான்ஸில் 50, 60 வயதுக் கொடிகள் என்பதைப் பாட்டிலில் பெருமையாகப் போடுகிறார்கள். நாசிக்கில் 2000-களின் தொடக்கத்தில் நட்டதில் பெரும் பங்கு பத்து வயதைக்கூடக் காணவில்லை. வெப்ப நாட்டில் தூக்கமில்லாமல் உழைக்கும் கொடி சீக்கிரம் களைத்துப் போகிறது என்பது தனிக் கஷ்டம்.

நாசிக் என்பது ஒன்றா?

ஒரே மாவட்டத்துக்குள்ளேயே நிலம் மாறிக்கொண்டே போகிறது. மேற்கே சஹ்யாத்ரி மலையை ஒட்டிய இகத்புரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். கிழக்கே நிஃபாடுக்குப் போனால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அடியில் இருப்பது எங்கும் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறைதான். ஆனால் மேலே கிழக்குச் சமவெளியில் ஆழமான கரிசல். மழையில் பிசுபிசுத்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். சாப்பிடும் திராட்சைக்கு அது சொர்க்கம். ஒயினுக்குத் தண்ணீர் தங்காத, சத்து குறைந்த சரளைச் சரிவுகள் வேண்டும். திண்டோரியின் மேட்டு நிலங்களும் கங்காப்பூர் அணையைச் சுற்றிய சரிவுகளும் இகத்புரிப் பக்கத்துச் சஞ்சேகாவ் குன்றுகளும் அதனால்தான் ஒயின்காரர்களின் கண்ணில் பட்டன. உள்ளூர்க்காரர்கள் உதவாக்கரை என்று ஒதுக்கிய நிலங்கள் சிலவற்றுக்கு இதனால் யோகம் அடித்தது.

சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டால் நாசிக்கின் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும். சோலாப்பூர் மாவட்டத்தின் அக்லுஜில் நாசிக்கைவிடச் சூடு அதிகம். அங்கே ஃப்ராடெல்லி நிறுவனம் இத்தாலியின் சான்ஜியோவேஸே ரகத்தை வளர்த்துப் பேர் வாங்கியது. நந்தி மலையோ 900 மீட்டருக்கு மேல் உயரம். கோடை அவ்வளவு கொடுமையில்லை, குளிர்காலமும் நாசிக் அளவுக்குக் குளிராது. அங்கே கேபர்னேயும் ஷிராஸும் கலந்த ஒயின் நன்றாக அமைந்தது. நாசிக் வெள்ளை ஒயினில் முந்துவதும், நந்தி மலை சிவப்பில் நிதானமாக இருப்பதும் பருவநிலையின் தீர்ப்பு.

நிலத்தின் குணம் என்று சொல்லப்படுவதில் எவ்வளவு நிலம், எவ்வளவு ஆலையின் கைவேலை என்ற கேள்வி நியாயமானது. குளிரூட்டிய எஃகுத் தொட்டிகளில் மெதுவாக நொதிக்க வைத்தால் பழ வாசனை தூக்கும். ஈஸ்ட்டை மாற்றினால் மணம் மாறும். ஓக் பீப்பாயில் போட்டால் வனிலா வரும். செனின் பிளாங்க்கில் இனிப்பை மிச்சம் வைப்பது கோதாவரி அல்ல, விற்பனைப் பிரிவு. 2022 டிசம்பரில் சூலா பங்குச் சந்தைக்கு வந்தபோது உள்நாட்டு ஒயின் சந்தையில் சுமார் பாதி அதன் கையில் இருந்தது. ஒரே கம்பெனி இவ்வளவு பெரிதாக இருக்கும் இடத்தில், அந்தக் கம்பெனியின் ருசியே பிரதேசத்தின் ருசியாகத் தோற்றம் தருவதைத் தவிர்க்க முடியாது. நாசிக் பள்ளத்தாக்கு ஒயின் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு பதிவாகியிருக்கிறது. ஆனாலும் கடையில் ஷிராஸ் இருக்கிறதா என்று கேட்பவர் உண்டே தவிர, திண்டோரி இருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம். பிரான்ஸில் சான்செர் என்று ஊர்ப் பெயரைத்தான் கேட்பார்கள். திராட்சையின் பெயர் பல பாட்டில்களில் இருக்கவே இருக்காது.

அதே சமயம், கைவேலை என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் முடியாது. வூவ்ரேயிலும் இனிப்பை மிச்சம் வைப்பதும் வைக்காததும் மனிதர்கள் எடுத்த முடிவுதான். சில நூற்றாண்டுகள் போனதும் அது மண்ணின் குணம் என்று பெயர் பெற்றுவிட்டது. நாசிக்கின் சிறிய ஆலைகள் சில இப்போது இனிப்பில்லாத செனின், பீப்பாயில் வளர்த்த செனின் என்று முயன்று பார்க்கின்றன. எது நிற்கும் என்று சொல்ல ஒரு தலைமுறையாவது வேண்டும்.

வானம் அதற்கு அவகாசம் கொடுக்குமா என்பதுதான் கவலை. நாசிக்கின் முறை முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: அக்டோபருக்குப் பிறகு மழை வராது. 2014 மார்ச்சில் ஆலங்கட்டி மழை கனிந்த குலைகளைச் சிதறடித்தது. 2019-இல் அக்டோபர், நவம்பர் வரை நீண்ட மழை கவாத்து முடித்த தோட்டங்களில் பூவையும் பிஞ்சையும் அழுக வைத்தது. 2023 நவம்பர் இறுதியில் மீண்டும் ஆலங்கட்டி. மழைக்குப் பயந்து கவாத்தைத் தள்ளிப்போட்டால் அறுவடை மார்ச் வெயிலுக்குள் போய் விழும், புளிப்பு மிஞ்சாது. முன்கூட்டியே வெட்டினால் பருவமழையின் வாலில் மாட்டும். இடையே கிடைக்கும் சில வாரங்கள்தான் நாசிக் ஒயினின் மொத்த உலகம், அதுவும் சுருங்கி வருகிறது. சாப்பிடும் திராட்சைத் தோட்டங்களில் சிலர் பிளாஸ்டிக் கூரை போட்டுப் பார்க்கிறார்கள். விளைச்சலைப் பாதியாக்கிய ஒயின் தோட்டத்தில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

மாற்று ரகங்களைத் தேடும் வேலை நடக்கிறது. புனே அருகே மாஞ்சரியில் 1997-இல் அமைந்த தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம், எந்த ரகம் எந்த வேர்ச்செடியில் இந்தச் சூட்டைத் தாங்கும் என்று சோதித்து வருகிறது. உப்பையும் வறட்சியையும் தாங்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் பிரெஞ்சுக் குச்சியை ஒட்டுவது ஏற்கெனவே பரவலான வழக்கம். ஆக, நாசிக்கின் பிரெஞ்சுத் திராட்சை தரைக்கு மேலேதான் பிரெஞ்சு. ஸ்பெயினின் டெம்ப்ரானியோ போல வெயிலுக்குப் பழகிய ரகங்களையும் ஆலைகள் நட்டிருக்கின்றன.

எதை நடுவது என்ற கேள்விக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி. வெளிநாட்டு ஒயின் மீதான 150 சதவீதச் சுங்க வரிதான் இத்தனை காலம் நாசிக்கைக் காத்த கோட்டைச் சுவர். 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் அதில் முதல் ஓட்டையைப் போட்டது. இறக்குமதி விலை 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு வரி உடனே 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதமாகவும் இறங்கியது. பத்தாண்டுகளில் இவை முறையே 50, 25 சதவீதத்துக்கு வர வேண்டும். ஆஸ்திரேலியா கொண்டுவரும் சரக்கில் முதல் பெயர் ஷிராஸ். ஒரே பெயர் போட்ட இரண்டு பாட்டில்கள் ஏறக்குறைய ஒரே விலையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, நாசிக் ஷிராஸை வாங்க நாசிக் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்காது. இந்த மழைக்காலத்துக்குப் பிறகு திண்டோரியில் ஒருவர் ஊன்றும் ஒட்டுக் குச்சி ஒழுங்கான விளைச்சலுக்கு வர மூன்று ஆண்டுகள் ஆகும். அதன் பழம் தன் குணத்தைக் காட்டத் தொடங்கும் காலமும் அந்த வரிக் குறைப்பு முழுமையடையும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன.